பின்னால் இருந்து தள்ளும் சக்கரம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பா ஓட்டிய இருபத்திரண்டு இன்ச் சைக்கிளைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். கம்பி பிரேக், கனத்த இரும்புக் கேரியர். வீட்டிலிருந்து கடைக்கு 9 கிலோமீட்டர், நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலம். ஆடிக்காற்று எதிரே அடித்தால் பாலத்தில் இறங்கி உருட்டித்தான் ஆக வேண்டும். முழங்கால் வலி வந்த பிறகு, "சக்கரத்தை மாத்தி மோட்டார் வெச்சிடுங்க" என்றார்கள். அந்தச் சைக்கிளைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் மோட்டாரைத் தனி ஒற்றைச்சக்கர வண்டியில் வைத்து, சைக்கிளுக்குப் பின்னால் கோத்துவிட்டேன். அது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்.

யோசனை பழையதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் 'வால் ஆட்டோ வீல்' என்று பெட்ரோல் எஞ்சின் வைத்த சக்கரம் ஒன்று வந்தது. சைக்கிளின் பின்னால் பக்கவாட்டில் மாட்டினால் தள்ளும். பிறகு அமெரிக்காவிலும் அதைச் செய்தார்கள்.

என்னுடையது 20 இன்ச் சக்கரம், அதன் நடுவிலேயே பொருந்திய 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் 10 ஆம்பியர்-அவர் பேட்டரி. கூடவே மிதித்தால் போய்வர 18 கிலோமீட்டருக்குத் தாராளம். சட்டகம் ஸ்கொயர் பைப்பில், வெல்டிங் பட்டறையில் ஒரே நாளில் முடிந்தது.

இணைப்புக்குத்தான் மூன்று மாதம் ஆனது. முதலில் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் மாட்டினேன். நேர்ரோட்டில் நன்றாகப் போனது. ஒரு வளைவில் ஆக்சிலேட்டரைத் திருகினேன், பின்பக்கம் வெளியே வீசி, மணலில் விழுந்தேன். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. சைக்கிள் இடப்பக்கம் திரும்பியிருக்கும், பின்வண்டியோ இன்னும் பழைய திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். அது தள்ளும் விசை சைக்கிளின் பின்பக்கத்தை வலப்பக்கம் தள்ளுகிறது. அதுவும் உயரத்தில் தள்ளினால் ஆளையே சாய்த்துவிடும்.

அப்புறம் இணைப்பைப் பின்சக்கர ஆக்ஸில் உயரத்துக்கு, முடிந்தவரை அதை ஒட்டியே இறக்கினேன். பழைய இரும்புக் கடையில் ஜீப் ஸ்டியரிங்கின் யுனிவர்சல் ஜாயிண்ட் ஒன்று கிடைத்தது. ஒற்றைச்சக்கர வண்டிக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. இடவலம் திரும்பும், மேடுபள்ளத்தில் ஏறியிறங்கும், ஆனால் முறுக்கிக்கொள்ளாது. முறுக்கிக்கொண்டால் ஒற்றைச்சக்கரம் படுத்துவிடும், சைக்கிளோடு சேர்ந்துதான் அது சாய வேண்டும். பேட்டரியை மோட்டார் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வைத்தேன். பாரம் இல்லாவிட்டால் அது மணலில் வெறுமனே சுற்றும்.

அடுத்தது பிரேக். நாம் பிரேக் பிடிக்கும்போது பின்னால் ஒன்று தள்ளிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. கம்பி பிரேக்குக்குச் சுவிட்ச் வைத்த பிரேக் லீவர் பொருந்தாது. ஆகவே லீவருக்கு அடியில் தகடு பற்றவைத்து, மைக்ரோ சுவிட்ச் ஒன்றைத் திருகினேன். கம்பி ஒரு நூல் நகர்ந்தாலே 'டிக்' என்று மோட்டார் நின்றுவிடும். செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முதலில் செய்யுங்கள், மோட்டாரை அப்புறம் வாங்குங்கள். வளைவில் ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், அந்தச் சைக்கிளின் பிரேக் அதற்குமேல் தாங்காது.

கடைக்கு வந்ததும் இணைப்பைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை உருவிவிடுவேன். மோட்டார் வண்டி சுவரோரம் சாய்ந்து நிற்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருவுக்கு வெறும் சைக்கிளில் போய்வருவேன். ஐப்பசி மழைக்கு முன், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கு ஒரு மூடி செய்ய வேண்டும், அந்த வேலை பாக்கியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.