குளிர்ந்த இன்ஜினும் ஏற்காட்டு இறக்கமும்

நேயர்களுக்குக் காலை வணக்கம். மார்கழி, தை மாதங்களில் விடியும் நேரத்தில் ஏற்காட்டுத் தெருக்களில் நடந்தால், வாசலில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டு, அது நின்றபடியே பத்து நிமிடம் ஓட உள்ளே காபி குடிப்பவர்களையும், கிக்கரை உதைத்த மறுகணமே ஆக்ஸிலேட்டரை முறுக்கி உறுமவிடுபவர்களையும் காணலாம். வண்டியின் மீதுள்ள அக்கறையால்தான் இருவரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் இரண்டுமே இன்ஜினுக்கு நல்லதல்ல என்பது, சேலத்தில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்திவரும் நான் பிரித்துப் பார்த்த இன்ஜின்களிலிருந்து கற்ற பாடம்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆயிலின் பெரும்பகுதி அடியில் வடிந்து, குளிரில் கெட்டியாகவும் இருக்கும். பம்ப் அதை மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரை ஏற்றுவதற்குச் சில விநாடிகளாவது வேண்டும். பிஸ்டனோ அலுமினியத்தால் ஆனது. இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியக்கூடியது, நெருப்பைத் தானே முதலில் தாங்குவதும் அதுதான். சிலிண்டர் சூடேறி விரிவதற்கு முன்பே முறுக்கினால், பிஸ்டன் மட்டும் விரைந்து விரிந்து சுவரை உரசும். நாகலூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு வண்டியில், பிஸ்டனின் இருபுறமும் நகத்தால் கீறியது போன்ற கோடுகளைப் பார்த்தபோது, அதன் உரிமையாளர் காலையில் எப்படிக் கிளம்புவார் என்று கேட்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

நிறுத்தி வைத்தே சூடேற்றுவதிலும் கேடு உண்டு. குளிரில் இன்ஜின் எளிதில் பற்றுவதற்காகப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை இழுத்து நெடுநேரம் ஓடவிட்டால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடுகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலானவற்றில், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் சோக் இல்லை. குளிருக்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். எந்த வண்டியானாலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நிற்பது போதும். பிறகு முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக, முறுக்காமல் ஓட்டினால் இன்ஜினோடு கியர்பாக்ஸும் சூடேறும். மூடிய அறைக்குள் மட்டும் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஏற்காட்டில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சுமார் 1500 மீட்டர் உயரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் வழியே அடிவாரம் இறங்கும்போது இன்ஜினுக்கு உழைப்பே இல்லாததால், அது எளிதில் சூடேறுவதில்லை. சோக்கை உள்ளே தள்ள மறந்து இறங்கினால், ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வண்டி முன்னே உந்தும். வளைவில் நம்மைப் பிடித்து நிறுத்தும் இன்ஜின் பிரேக் குறைந்துவிடும். ஆகையால் ஏரியோரச் சாலையில் சிறிது தூரம் ஓட்டி, சோக் இல்லாமலேயே இன்ஜின் அணையாமல் நிற்கிறதா என்று பார்த்தபின் இறங்கத் தொடங்குங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. கடைத்தெருவுக்கு மட்டுமே போய்வரும் வண்டியில் அதன் ஒரு பகுதி ஆயிலில் தங்கிவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்: உட்புறம் பால்காபி நிறத்தில் நுரை படிந்திருந்தால், ஒருமுறை சேலம் வரை இறங்கி மீண்டும் மலையேறுங்கள். அந்த ஏற்றத்தில் இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஆயிலில் தங்கிய ஈரம் ஆவியாக வெளியேறும்.