ஆன்டெனாவில் ஹெச்டி: டிவிக்குள் இருக்கும் ட்யூனர் என்ன செய்கிறது?

(திரையில்: டிவியின் பின்பக்கம். நடுவில் சின்னத் துளை, சுற்றிலும் மரை உள்ள ஆன்டெனா முனை.)

வணக்கம். அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் டிவிக்குப் பின்னாலும் இந்த முனை இருக்கும். இதற்கு உள்ளே இருப்பதுதான் ட்யூனர். மாதச் சந்தா ஒரு டாலர்கூடக் கட்டாமல் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் எல்லாவற்றையும் ஹெச்டியில் பார்க்க முடிவது இதனால்தான். இத்தனை நல்ல படம் இலவசமாக வருகிறது என்பதே பல வீடுகளில் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்த வீடியோ.

காற்றில் ஒரே நேரத்தில் பல நிலையங்களின் அலைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் இடம். ட்யூனர் அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, வழியில் நுழைந்த பிழைகளைத் திருத்தி, நொடிக்குச் சுமார் 19.4 மெகாபிட் தகவலாகத் தருகிறது. அனலாக் காலத்தில் இதே இடத்தில் ஒரேயொரு சாதாரணப் படம்தான் போனது. இப்போது ஹெச்டி சேனலோடு சில துணைச் சேனல்களும் போகின்றன.

(திரையில்: நியூயார்க் சேனல் பட்டியல்.)

சரி, நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். சிபிஎஸ் ரிமோட்டில் 2.1. ஆனால் அது ஒளிபரப்பாவது 36ஆம் அலைவரிசையில். மக்களுக்குப் பழைய எண் பழகிவிட்டதால், ‘என்னை 2 என்று காட்டு’ என்ற தகவலையும் நிலையமே சிக்னலோடு அனுப்பிவிடுகிறது. ஏபிசியின் 7.1 அப்படியில்லை, நிஜமாகவே 7இல்தான் வருகிறது. 36 என்பது யூஹெச்எஃப் என்ற உயர் அதிர்வெண் பகுதி, அலைநீளம் அரை மீட்டர். 7 என்பது அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணான விஹெச்எஃப், ஏறக்குறைய 1.7 மீட்டர். அலை நீளமாக இருந்தால் ஆன்டெனாவும் பெரிதாக வேண்டும். ஜன்னலில் ஒட்டுகிற தட்டையான சின்ன ஆன்டெனா சிபிஎஸ்ஸைப் பிடித்துவிட்டு ஏபிசியில் திணறுவது இதனால்தான். ‘ஹெச்டி ஆன்டெனா’ என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அப்படித் தனியாக ஒன்று கிடையாது. விஹெச்எஃப் எடுக்குமா என்று மட்டும் பாருங்கள்.

2017 முதல் 2020 வரை ஏறத்தாழ ஆயிரம் நிலையங்கள் அலைவரிசை மாறின. காலியான இடம் செல்போன் சேவைகளுக்குப் போனது. டிவி பழைய இடத்தையே நினைவில் வைத்திருந்தால் சேனல் காணாமல் போய்விடும். மெனுவில் போய் ரீஸ்கேன் கொடுங்கள், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

(திரையில்: சிக்னல் மீட்டர்.)

டிஜிட்டலில் படம் மெல்ல மெல்ல மங்காது. நன்றாக ஓடும், கட்டம் கட்டமாக உடையும், உடனே கறுப்பாகிவிடும். அதனால் மீட்டரில் வலிமையைவிடத் தரத்தைக் கவனியுங்கள். ஆன்டெனாவை ஓரடி நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்திலேயே இருந்தால் சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், சிக்னல் அளவுக்கு மீறிப்போய் இருந்ததும் கெட்டுவிடும்.

பழைய டிவி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007 மார்ச் 1 முதல்தான் எல்லா டிவியிலும் டிஜிட்டல் ட்யூனர் கட்டாயம். அதற்கு முந்தைய ‘ஹெச்டி ரெடி’ டிவிகள் பலவற்றில் அது இருக்காது. 2009 ஜூன் 12இல் அனலாக் நின்றபோது அரசு 40 டாலர் கூப்பன் கொடுத்து வாங்கவைத்த கன்வெர்ட்டர் பெட்டி கையில் கிடைத்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது ஹெச்டி ஒளிபரப்பைப் பிடிக்கும், ஆனால் சாதாரணப் படமாகக் குறைத்துத்தான் வெளியே விடும்.

அடுத்த தலைமுறை ஒளிபரப்பு முறையான ஏடிஎஸ்சி 3.0ஐ இந்த ட்யூனர்கள் படிக்காது. அதற்காக இப்போதே டிவியை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதில் வரும் சேனல்கள் பல பூட்டப்பட்டே வருகின்றன. எல்ஜி நிறுவனம் காப்புரிமை வழக்கால் தன் 2024 மாடல்களில் அந்த ட்யூனரையே விட்டுவிட்டது.

அப்புறம், ஊருக்கு டிவி கொண்டுபோகிறவர்கள் கவனியுங்கள். அமெரிக்க ட்யூனருக்கு இந்தியாவில் பயன்படும் டிவிபி என்ற வேறு ஒளிபரப்பு முறை புரியாது. செட் டாப் பாக்ஸை ஹெச்டிஎம்ஐயில் மாட்டினால் பெரும்பாலும் படம் வரும். ஆனால் மாட்டும் முன், பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 240 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.