வீழ்ந்த பிறகும் வாழ வேண்டியவன்

நேயர்களுக்கு வணக்கம்.

மாயமும் அரக்கரும் உலவும் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களில் நெடுங்காலமாக என் மனத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். ஆளை உங்களுக்குத் தெரியும். தெய்வத்தின் முன் விரதம் பூண்ட போர்வீரன். அவன் தொட்டால் காயம் ஆறும், அவன் வாளைக் கண்டால் பேய் விலகும். ஒருநாள் செய்யக் கூடாததைச் செய்துவிடுகிறான். கட்டளைக்குப் பணிந்து ஓர் ஊரை எரிக்கிறான், அல்லது காக்க வேண்டியவரைக் கைவிட்டு ஓடுகிறான். அருள் அவனை விட்டு நீங்குகிறது. நாவல் பெரும்பாலும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கும். தாடி வளர்ந்து, ஏதோ ஒரு விடுதியின் மூலையில் குடித்துக்கொண்டிருப்பான். உதவி கேட்டு ஒரு சிறுமி வந்து நிற்பாள்.

முடிவையும் உங்களால் சொல்லிவிட முடியும். கடைசிப் போரில் அந்தச் சிறுமியைக் காக்க அரக்கனின் ஈட்டிக்கு நெஞ்சைக் கொடுப்பான். உயிர் போகும் வேளையில் அவனுடைய வாள் மறுபடியும் ஒளிரும். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடுவோம்.

இந்த முடிவின் மேல் எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. செத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்கிறது அது. எரிந்த ஊரில் மிஞ்சியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்தச் சாவால் என்ன கிடைத்தது? கூரை திரும்பியதா? யாராவது அவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்டார்களா? நாவலாசிரியர் அந்த ஊர்ப் பக்கமே திரும்பவில்லை.

நமக்கு இந்த முடிவு இயல்பாகப் படுவதில் வியப்பில்லை. மானம் வரின் உயிர்நீப்பர் என்று குறள் படித்து வளர்ந்தவர்கள் நாம். தன் தீர்ப்புத் தவறென்று தெரிந்த கணத்தில் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி வீழ்ந்த பாண்டியனை நாம் மறப்பதில்லை. வளைந்த கோலை அவன் உயிர் நிமிர்த்தியது என்கிறார் இளங்கோவடிகள். ஆனால் அதே காப்பியத்தில் அடுத்து நடப்பதையும் பாருங்கள். மன்னன் மாண்ட பிறகும் கண்ணகியின் சினம் ஆறவில்லை, மதுரை எரிகிறது. அவன் செத்ததால் செங்கோல் நிமிர்ந்தது, அவளுடைய இழப்பு அப்படியே இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று இந்த வகை நாவல் எழுதுகிறவர்கள் பலருக்கு அது தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தப் பாத்திரம் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் ஒரு விளையாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆளுக்கொரு பாத்திரமாகி, விதிநூலை வைத்துக்கொண்டு கதையையே ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த துணைநூலில் பாலடின் என்ற புனித வீரன் சேர்க்கப்பட்டான். அவனுக்கான விதி மிகக் கடுமையானது: ஒழுங்குக்கு மாறான ஒரு செயல் செய்தாலும் அந்த நிலை போய்விடும், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. 1978-இல் வந்த விதிநூல் சற்று இறங்கி வந்தது. ஒழுங்கு மீறினால் குருவிடம் ஒப்புக்கொண்டு பிராயச்சித்தம் செய்யலாம். தெரிந்தே தீமை செய்தால் மட்டும் மீட்பில்லை. பூட்டிய கதவைக் கண்டால் கதைசொல்லிகளுக்குக் கை துறுதுறுக்கும். 'அப்படிப்பட்டவன் பிறகு என்ன ஆனான்?' என்ற கேள்வியிலிருந்து எத்தனையோ நாவல்கள் பிறக்க முடியும்.

வரலாற்றில் உண்மையாகவே புனிதப் போர்வீரர்கள் இருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் தோன்றிய டெம்ப்ளர் துறவுப்படையின் விதிகளைப் பாருங்கள். பெருங்குற்றம் செய்தவருடைய மேலங்கி ஓராண்டும் ஒரு நாளும் பறிக்கப்படும். உடன் உண்டவர்கள் பார்க்க, அவர் தரையில் அமர்ந்து உண்ண வேண்டும். காலம் முடிந்ததும் அங்கி திரும்பி வரும். எதிரிக்கு அஞ்சிக் கொடியை விட்டு ஓடியவருக்கு மட்டும் படையில் மறுபடி இடமே இல்லை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்றார்கள். போப்பாண்டவரின் ஆசியோடு போனதாகச் சொல்லப்பட்ட படை அது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் திருச்சபை அந்த வெற்றியாளர்களுக்கே பிராயச்சித்தம் விதித்தது. கொன்றது உறுதி என்றால் ஒவ்வோர் உயிருக்கும் ஓராண்டு. வெட்டினேன், செத்தானா என்று தெரியாது என்றால் ஆளுக்கு நாற்பது நாள். எத்தனை பேர் என்றே தெரியாதவர், திருச்சபை ஆயர் சொன்னபடி, வாழ்நாள் முழுதும் வாரத்தில் ஒரு நாள். அம்பு எய்தவருக்குத் தான் யாரைக் கொன்றோம் என்று தெரிய வழியில்லை அல்லவா? அவருக்கும் தனியாக ஒரு விதி எழுதியிருக்கிறார்கள்.

வாரத்தில் ஒரு நாள், சாகும் வரை. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய கொடை வேறென்ன வேண்டும்? நீண்ட பயணம், பனிமலை, துரத்தும் பகைவர், நடுவில் வாரந்தோறும் ஒரு நாள் இவன் வாளைத் தொட மாட்டான். அந்த நாளில் ஆபத்து வந்தால் என்ன செய்வான்? என் கேள்வியே இதுதான்: மீட்சியைக் கடைசி அத்தியாயத்தில் வைக்காமல் பயணத்தின் நடுவே, அன்றாடத்தில் வைத்தால் என்ன?

இப்போது லான்ஸ்லாட்டிடம் வருகிறேன். இவனைப் பற்றிப் பேசாமல் என்னால் போக முடியாது. தாமஸ் மாலரி எழுதி, காக்ஸ்டன் 1485-இல் அச்சிட்ட ஆர்தர் மன்னன் கதைகளில் இவன்தான் வீரர்களில் தலையானவன். ஆனால் அரசி கினிவியருடன் கள்ள உறவு. இயேசு கடைசி இரவுணவில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போகிறான், வாசல் வரை போய்விடுகிறான், உள்ளே அடி வைத்ததும் நெருப்புப் போன்ற காற்று அவனை வீழ்த்துகிறது. இருபத்து நான்கு நாள் பிணம்போல் கிடக்கிறான், இருபத்து நான்கு ஆண்டுப் பாவத்துக்கு ஈடாக. எழுந்து வந்து திருந்தினானா? இல்லை. மறுபடியும் அரசியிடமே போகிறான்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கேளுங்கள். ஹங்கேரியிலிருந்து சர் உர்ரி என்ற வீரனைப் படுக்கையில் கிடத்திக் கொண்டுவருகிறார்கள். உடம்பில் ஏழு காயங்கள். அவனிடம் போரிட்டு மாண்ட ஒருவனின் தாய் மந்திரம் வைத்துவிட்டாள்: உலகின் தலைசிறந்த வீரன் தொட்டாலன்றி இந்தக் காயங்கள் ஆறா. ஏழு ஆண்டுகளாக அவனுடைய அம்மாவும் தங்கையும் நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஆர்தர் முதலில் தொடுகிறார், ஆறவில்லை. பிறகு ஒவ்வொரு வீரனாக நூற்றுக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். மாலரி பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தப் பட்டியலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இன்னும் அவன் வரவில்லையே என்ற தவிப்பு அந்தப் பட்டியலில்தான் வளர்கிறது.

கடைசியில் லான்ஸ்லாட் வருகிறான். தொட மாட்டேன் என்கிறான். எல்லோரும் அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள். வாசகருக்குத் தெரியும், அது அச்சம். தொட்டு, காயம் ஆறாமல் போனால் தான் யார் என்பது மன்னன் முன்னால், தோழர்கள் முன்னால் வெளிப்பட்டுவிடும். அரசன் ஆணையிடுகிறார், உர்ரியும் கெஞ்சுகிறான். லான்ஸ்லாட் மண்டியிட்டு யாருக்கும் கேட்காமல் வேண்டுகிறான். தலைக் காயத்தைத் தொடுகிறான், மூடுகிறது. உடம்பில் உள்ளவை மூடுகின்றன. கடைசியாகக் கை. எல்லாம் ஆறிவிட்டன. அரசவை முழுதும் கடவுளைப் போற்றுகிறது. லான்ஸ்லாட் மட்டும் அடிபட்ட குழந்தையைப்போல் அழுகிறான்.

ஏன் அழுதான் என்று மாலரி சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தண்டனையை அவன் எதிர்பார்த்தான். தண்டனையைத் தாங்க அவனுக்குத் தெரியும். வந்தது அருள். தகுதி இல்லை என்று தனக்கே தெரிந்தபோது வந்த அருள். அதைத் தாங்க அவனுக்குத் தெரியவில்லை. கவனியுங்கள், அருள் வந்ததால் குற்றம் மறையவும் இல்லை. அரசியுடனான உறவு வெளிப்பட்டு, ஆர்தருடைய வீரர்களின் குழுவான வட்ட மேசை உடைந்து, ஆர்தர் மடிகிறார். அதன் பிறகும் லான்ஸ்லாட் சாகவில்லை. துறவுமடத்தில் ஆண்டுக்கணக்கில் நோன்பிருந்து வாழ்கிறான். சக்தி திரும்புவதும் மன்னிப்புக் கிடைப்பதும் ஒன்று என்று காட்டும் நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அழுகைதான் நினைவுக்கு வருகிறது.

மன்னிப்பு யார் கையில் இருக்கிறது என்பதைப் புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயம் தெளிவாகக் காட்டுகிறது. கொலைகாரனாக இருந்த அங்குலிமாலன் பிக்குவாகிவிட்டான். அரசனே அவனை வணங்கிவிட்டான். ஆனாலும் பிச்சைக்குப் போன ஊரில் ஒருவர் எறிந்த மண்கட்டி அவன்மேல் விழுகிறது, இன்னொருவர் எறிந்த தடி, மற்றொருவர் எறிந்த ஓடு. தலையில் குருதி வழிய, பாத்திரம் உடைந்து, ஆடை கிழிந்து வருகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். ஊர் மறந்துவிட்டது என்று அந்த நூல் பொய் சொல்லவில்லை. பிச்சைப் பாத்திரத்தோடு அந்தத் தெருவில் அவன் நடந்தாக வேண்டும். நம்முடைய வீழ்ந்த வீரனையும் தான் எரித்த ஊருக்கு அப்படி நடத்திக் கூட்டிச் செல்லும் நாவலைத்தான் நான் தேடித் தேடிப் படிக்கிறேன். அவர்கள் கதவைத் திறக்காமல் போகலாம். திறக்காவிட்டாலும் அவன் கூரை வேய்ந்து கொடுக்கலாம்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். பெண் புனித வீரர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒருவரை மட்டும் சொல்கிறேன். அமெரிக்கக் கடற்படைத் தரைப்பிரிவில் பணியாற்றிய எலிசபெத் மூன் 1988, 1989-இல் வெளியிட்ட மூன்று நாவல்களின் நாயகி பாக்செனாரியன், ஆடு வளர்ப்பவரின் மகள். அவள் குற்றம் எதுவும் செய்யவில்லை. அவளுடைய துணிவு பறிபோய்விடுகிறது. அஞ்சி நடுங்கி ஊர் ஊராக அலைகிறாள். மீண்டு வந்த பிறகு, அச்சத்தை அறிந்தவள் என்பதாலேயே அஞ்சுகிறவர்களின் பக்கத்தில் நிற்க அவளால் முடிகிறது. இரண்டாம் நாவலின் இறுதிப் பகுதியையும் மூன்றாம் நாவலின் தொடக்கத்தையும் இடைவெளி விடாமல் சேர்த்துப் படியுங்கள். வணக்கம்.