ஒரே பன்னிரண்டு பேர், ரெண்டு சீசன்: டெக்சாஸ் சின்ன ஊர்ப் பள்ளியில ஃபுட்பாலும் பாஸ்கெட்பாலும்

[காட்சி: மேற்கு டெக்சாஸ். வெள்ளிக்கிழமை இரவு. நாலு விளக்குக் கம்பம், நடுவுல பச்சைத் திடல், சுத்தி இருட்டு.]

இடைவேளை விசில் அடிச்சாச்சு. பேண்டு வாத்தியக் குழு திடலுக்குள்ள வருது. முன் வரிசையில டிரம்பெட் வாசிக்கிற பையனைப் பாருங்க. மத்தவங்க பேண்டு சீருடையில இருக்க, இவன் மட்டும் வேர்வையில நனைஞ்ச ஜெர்சியோட, தோள் கவசத்தோட நிக்கிறான். ஹெல்மெட்டை ஓரக்கோட்டுல வெச்சுட்டு வந்திருக்கான். வாசிச்சு முடிச்சதும் மாட்டிக்கிட்டு மறுபடியும் ஆடப் போவான்.

ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் மொத்தமா எண்ணினாலும் நூறு பேர் தேறாத பள்ளிகள்ல இது பழகிப்போன காட்சி. நவம்பர்ல இதே பையன் பாஸ்கெட்பால் அணியிலயும் இருப்பான். அதனாலதான் இந்த ரெண்டு ஆட்டத்தையும் தனித்தனியா விளக்கினா விஷயம் பிடிபடாது. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் ஒரு டஜன் பசங்களை எப்படிக் காயமில்லாம, மார்க் குறையாம, தெம்பு வத்தாம கொண்டு போறதுங்கிற ஒரே கணக்கு அது. அந்தக் கணக்கைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

[காட்சி: ரெண்டு திடலோட வரைபடம், பக்கத்துப் பக்கத்துல.]

முதல்ல ஆட்டம். நாம இங்க சொல்ற ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில பிடிச்சு ஓடுற அமெரிக்க ஆட்டம். வழக்கமா ஒரு பக்கம் 11 பேர், 100 கெஜத் திடல். டெக்சாஸ்ல பள்ளிப் போட்டிகளை நடத்துறது யூ.ஐ.எல். 1910-ல இருந்து இருக்கிற அமைப்பு. மாணவர் எண்ணிக்கையை வெச்சு 1ஏ முதல் 6ஏ வரைக்கும் பள்ளிகளைப் பிரிக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி எண்ணும். 1ஏ-ல ஏறக்குறைய 105 பேருக்குக் கீழ இருக்கிற பள்ளிகள். அங்க 11 பேர் ஆட்டம் கட்டுப்படியாகாது. அவங்க ஆடுறது சிக்ஸ்-மேன், அதாவது ஒரு பக்கம் ஆறு பேர்.

இதை உருவாக்கினவர் நெப்ராஸ்கா மாநிலத்துல வேலை பார்த்த ஸ்டீபன் எப்லர். 1934, பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். சின்னப் பள்ளிகளால 11 பேரையும் சேர்க்க முடியல, அத்தனை பேருக்குக் கவசமும் வாங்க முடியல. முதல் ஆட்டம் நெப்ராஸ்காவோட ஹீப்ரன் ஊர்ல அந்த வருஷம் செப்டம்பர்ல நடந்துச்சு.

விதிகள்ல நாலு மாற்றம் முக்கியம். திடல் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். மீட்டர்ல சொன்னா 73-க்கு 37. நாலு முயற்சியில 10 கெஜத்துக்குப் பதிலா 15 கெஜம் முன்னேறணும். பந்தைப் பின்னாடி கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குற சென்டர் உட்பட ஆறு பேருமே பாஸ் பிடிக்கலாம். நாலாவதுலதான் புதுசா வர்றவங்க தடுமாறுவாங்க: சென்டர்கிட்ட இருந்து பந்தை வாங்குறவன் அதைத் தானே எடுத்துக்கிட்டு, ஆட்டம் தொடங்கின கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது. ஒண்ணு முன்னாடி வீசணும், இல்லேன்னா இன்னொருத்தன் கைக்கு மாத்தணும்.

[காட்சி: ஒரே ஆட்டம், மெதுவா ஓடுது. பந்து சென்டர்கிட்ட இருந்து முதல் ஆளுக்கு, அங்கிருந்து பக்கவாட்டுல ரெண்டாவது ஆளுக்கு.]

இந்தக் கை மாத்தத்தைக் கவனிங்க. பந்து ரெண்டு தடவை காத்துல போகுது. எதிரணி அதுக்குள்ள ஓடி வந்துக்கிட்டிருக்கு. சீசனோட முதல் ஆட்டங்கள்ல பந்து தரையில விழுறது பெரும்பாலும் இங்கதான். வாங்குறவன் பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்க ஓடலாம்னு தலையைத் திருப்பிடுறான். தீர்வு சலிப்பான ஒண்ணு: தினமும் பயிற்சி தொடங்கினதும், எதிராளி யாரும் இல்லாம, 50 தடவை இதை மட்டும் செய்யணும். கடைசிப் பத்தைப் பந்தைத் தண்ணியில நனைச்சுட்டுச் செய்யணும்.

சிக்ஸ்-மேன்ல 60-க்கு 50னு ஸ்கோர் வர்றதைப் பார்த்துட்டு, ஆளுக்கு இடம் நிறைய இருக்குன்னு பலரும் நினைக்கிறாங்க. கணக்குப் போட்டா, ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 267 சதுர கெஜம். 11 பேர் ஆட்டத்துல 242. பத்து சதவீதம்தான் வித்தியாசம். உண்மையான காரணம் வேற. 11 பேர் ஆட்டத்துல நடுவுல ஒரு சுவர் மாதிரி ஆள் கூட்டம் நிக்கும். ஒருத்தன் பிடியை விட்டா அடுத்தவன் இருப்பான். இங்க அந்தச் சுவரே கிடையாது. ஒரு பிடி நழுவினா பின்னாடி வெட்டவெளி. அதனால டேக்கிள், அதாவது பந்தோட ஓடுறவனைப் பிடிச்சு நிறுத்துற பயிற்சியில மோதலைக் குறைச்சு, கால் வேலையைக் கூட்டணும்: மூணு அடி தூரத்துல வேகத்தைக் குறை, அடியைச் சின்னதாக்கு, இடுப்பைப் பாரு, தலையை ஓரமா வெச்சுத் தோளால அணை. முழு வேகத்துல பாயுறவன்தான் ஏமாறுவான்.

உதைக்கிற புள்ளிகளும் 11 பேர் ஆட்டத்துக்குத் தலைகீழ். டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியோட கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்த்ததுக்கு அப்புறம் பந்தை உதைச்சுக் கம்பத்துக்குள்ள போட்டா 2, ஓடியோ வீசியோ உள்ள கொண்டுபோனா 1. டச்டவுன் இல்லாம, ஆட்டத்துக்கு நடுவுல கம்பத்துக்குள்ள உதைக்கிற ஃபீல்டு கோல் 4. பாய்ஞ்சு வர்ற எதிராளியை மறிக்க நம்ம பக்கம் போதுமான ஆள் இல்லாம உதைக்கிறது அவ்வளவு கஷ்டம். ஆக, ஒழுங்கா உதைக்கத் தெரிஞ்ச ஒரு பையனோ பொண்ணோ கிடைச்சா அது புதையல். இடைவேளையிலயோ அதுக்கு அப்புறமோ வித்தியாசம் 45 புள்ளி ஆயிட்டா ஆட்டம் அங்கேயே முடியும். பத்துப் பேர் வெச்சிருக்கிற அணிக்கு இது பெரிய காப்பு.

[காட்சி: ஆகஸ்ட். வெயில்ல வெள்ளையா மின்னுற திடல். ஓரத்துல ஒரு பெரிய தொட்டி.]

சீசன்ல ரொம்ப ஆபத்தான வாரம் எதுன்னு கேட்டா, போட்டி நடக்கிற வாரத்தைச் சொல்ல மாட்டோம். ஆகஸ்ட் முதல் வாரம்தான். உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்காது. அதனால முதல் நாட்கள்ல ஹெல்மெட் மட்டும், அப்புறம் தோள் கவசம், அதுக்கு அப்புறம்தான் முழுக் கவசம். பயிற்சிக்கு முன்னயும் பின்னயும் எடை பார்க்கணும். ஒரு கிலோ குறைஞ்சிருந்தா ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணி உள்ள போகணும்.

அந்தத் தொட்டி மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி. கிராமத்துக் கடையிலயே கிடைக்கும். பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாதி தண்ணி நிரப்பி, பக்கத்துல ஐஸ் பெட்டிகளைத் தயாரா வெச்சிருக்கணும். ஒரு பையன் குழறிப் பேசுறான், கோபப்படுறான், தள்ளாடுறான்னா கவசத்தைக் கழட்டி, கழுத்து வரைக்கும் ஐஸ் தண்ணியில இறக்குங்க. அக்குளுக்குக் கீழ ஒரு துண்டைக் கொடுத்துப் பின்னாடி இருந்து ஒருத்தர் பிடிச்சுக்கணும், தலை மூழ்கிடக் கூடாது. தண்ணியைக் கலக்கிக்கிட்டே இருங்க. உடம்பை ஒட்டி நிக்கிற தண்ணி சீக்கிரம் சூடாயிடும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, ஆனா குளிர வெச்ச பிறகுதான் ஏத்தணும். உள் உடம்பு வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினா, முதல் அரை மணி நேரத்துக்குள்ள இறக்கியாகணும். ஆஸ்பத்திரி 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்ல இந்தத் தொட்டிதான் உயிர். வண்டியில ஏத்தி ஏசி போட்டுக் கொண்டுபோகலாம்னு நினைக்கிறதுதான் இங்க நடக்கிற பெரிய தப்பு.

[காட்சி: ஹெல்மெட், மிக அருகில்.]

ஹெல்மெட் ஒரு தடவை அளவு பார்த்துக் கொடுத்துட்டா போதாது. முன் விளிம்பு புருவத்துக்கு ரெண்டு விரல் மேல இருக்கணும். முகக் கம்பியைப் பிடிச்சு அசைச்சா நெத்தித் தோலும் கூடவே அசையணும். தோல் நின்னு ஹெல்மெட் மட்டும் சுத்தினா அது பெருசு. உள்ள காத்துப்பை இருக்கிற வகைன்னா அக்டோபர் குளிர்ல காத்து சுருங்கிடும். பையன் முடி வெட்டிக்கிட்டாலும் அளவு மாறிடும். வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமை பார்த்துடணும். வயசு பத்து வருஷம் ஆன ஹெல்மெட்டைப் பழுது பார்க்கிறவங்க திரும்ப வாங்கிக்க மாட்டாங்க. உள்பக்க ஒட்டுச்சீட்டுல தேதி இருக்கும், அதைப் படிங்க.

இன்னொரு இடி மார்க்ஷீட்ல இருந்து வரும். 1984-ல டெக்சாஸ் கொண்டுவந்த சட்டம் இருக்கு: ஏதாவது ஒரு பாடத்துல 70-க்குக் கீழ போனா ஆட முடியாது. இப்போ அந்தத் தடை மூணு வாரம். பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்துல இறங்கக் கூடாது. பெரிய பள்ளியில அடுத்தவனை இறக்குவாங்க. இங்க அல்ஜீப்ராவுல 68 வாங்கினவன் பந்து வீசுறவனா இருந்தா மூணு வெள்ளிக்கிழமை போச்சு. முதல் மார்க் காலம் முடியறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே 75-க்குக் கீழ இருக்கிறவங்க பட்டியலை ஆசிரியர்கள்கிட்ட கேட்டு வாங்கிடுங்க. அது ஆட்டத் திட்டத்தை விட முக்கியம்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு சின்னக் குறிப்பு. தொழில்முறை அணிகளோட டிவி ஒளிபரப்பு பத்தி 1961-ல வந்த மத்திய அரசுச் சட்டம், செப்டம்பர் ரெண்டாவது வெள்ளி முதல் டிசம்பர் ரெண்டாவது சனி வரைக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பள்ளி ஆட்டங்களுக்காகக் காப்பாத்தி வெச்சிருக்கு. ஊரே திடலுக்கு வர்றதுல அதுக்கும் பங்கு உண்டு.

[காட்சி: நவம்பர் காலண்டர். ரெண்டு நிறக் கோடுகள் ஒண்ணு மேல ஒண்ணு.]

இப்போ முடிச்சு விழுற இடம். ஃபுட்பால் லீக் ஆட்டங்கள் நவம்பர் தொடக்கத்துல முடியும். ஜெயிச்சுக்கிட்டே போனா டிசம்பர் வரைக்கும் இழுக்கும். மாநில இறுதி ஆர்லிங்டன் நகரத்துல, தொழில்முறை அணியோட மாபெரும் அரங்கத்துல நடக்கும். பாஸ்கெட்பால் பயிற்சியோ அக்டோபர் கடைசியிலயே தொடங்கிடும், நவம்பர்ல முதல் ஆட்டம். நல்ல ஃபுட்பால் அணி உள்ள ஊர்ல பாஸ்கெட்பால் பயிற்சியாளர்கிட்ட ஒரு மாசம் அஞ்சாறு பேர்தான் இருப்பாங்க. அதுல ரெண்டு பேர் ஒன்பதாவது படிக்கிறவங்க.

பல நேரம் ரெண்டுக்கும் பயிற்சியாளர் ஒருத்தரே. அவர் செய்யக் கூடிய புத்திசாலித்தனமான காரியம்: நவம்பர் ஆட்டங்களைக் குறைச்சுப் போடுறது. பிளேஆஃப், அதாவது மாநிலப் பட்டத்துக்கான அடுத்த கட்ட ஆட்டங்கள்ல இடம், 'மாவட்டம்'னு பிரிச்ச பக்கத்துப் பள்ளிக் குழுவுக்குள்ள நடக்கிற மாவட்ட ஆட்டங்களை வெச்சு முடிவாகுது, அதோட சூடு புத்தாண்டுக்கு அப்புறம்தான். நவம்பர் தோல்வி வலிக்கும், ஆனா கழுத்தை அறுக்காது. ஃபுட்பாலே இல்லாத பள்ளிகளும் 1ஏ-ல உண்டு. அவங்க நவம்பர்ல முழுத் தயாரா வருவாங்க. அவங்களோட ஆட்டத்தை ஜனவரிக்குத் தள்ள முடிஞ்சா தள்ளுங்க.

திடல்ல இருந்து வர்ற பசங்க உடம்பு இரும்பு மாதிரி இருக்கும், ஆனா அஞ்சு நிமிஷத்துல மூச்சு வாங்கும். ஃபுட்பால்ல அஞ்சாறு விநாடி வெடிப்பு, அப்புறம் அரை நிமிஷம் ஓய்வு. பாஸ்கெட்பால்ல எட்டு நிமிஷக் கால் பகுதி நாலு, 84 அடி தளத்துல மேலயும் கீழயும். புல்லுக்குப் பழகின கணுக்கால் மரத்தளத்துல திடீர்னு நின்னா சுளுக்கும், புது ஷூவுல கொப்புளம் வரும், முட்டிக்குக் கீழ வலிக்கும். முதல் பத்து நாள் பயிற்சியைப் பாதியாக் குறைங்க. ஷூட்டிங்கைக் கூடைக்கு மூணு அடியில இருந்து ஒரு கையால ஆரம்பிச்சு, நாளுக்கு ஒரு அடியா பின்னாடி வாங்க. நாலு மாசம் பந்தை இறுக்கிப் பிடிச்ச விரல், அதைத் தளர்த்தக் கத்துக்கணும்.

ஒரு விஷயத்துல விட்டுக்கொடுக்கவே கூடாது. கடைசி ஃபுட்பால் ஆட்டத்துல தலையில அடிபட்டவனை, சீசன் மாறிடுச்சுன்னு புது ஆளா எண்ணக் கூடாது. அடிபட்டது மூளை, எந்த ஆட்டம்னு அதுக்குத் தெரியாது. திரும்ப வர்ற படிகள்: மெதுவான சைக்கிள், ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது 24 மணி நேரம், தலைவலி வந்தா ஒரு படி கீழ. டெக்சாஸ் சட்டப்படி டாக்டர் எழுத்துல சம்மதம் தரணும், பயிற்சியாளரே அனுமதிச்சுட முடியாது.

அப்புறம் ஃபவுல். இடுப்பால தள்ளுறது ஃபுட்பால் பழக்கம். இங்க அஞ்சு ஃபவுல்ல ஆள் வெளியே. ஏழு பேர் அணியில மூணு பேர் போயிட்டா நாலு பேரோட ஆடலாம், விதி அனுமதிக்குது: தொடங்க அஞ்சு பேர் வேணும், தொடர வேண்டியதில்ல. ஆனா அந்த நிலைமைக்குப் போகாம இருக்கத்தான் சின்னப் பள்ளிகள் 2-3 ஸோன்ல நிக்குது: முன்னாடி ரெண்டு, பின்னாடி மூணு, ஆளைத் துரத்தாம இடத்தைக் காவல் காக்குறது. ஓட்டம் மிச்சம், ஃபவுலும் மிச்சம். ஓட்டை எங்கன்னா மூலையில இருந்து வர்ற மூணு புள்ளி ஷாட், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்துல நடு இடம், அப்புறம் ரீபவுண்ட், அதாவது கூடையில விழாம திரும்பி வர்ற பந்து. ஸோன்ல யாரை முதுகால தடுக்கணும்னு யாருக்கும் சொல்லியிருக்காது. ஷாட் போனதும் பக்கத்துல இருக்கிறவனைத் தேடித் தொடுன்னு பழக்கணும்.

பந்தை விடாம வெச்சிருக்கிறதும் சின்ன அணியோட ஆயுதம்தான். 1954-ல இண்டியானா மாநிலத்தோட மைலன், 161 மாணவர் உள்ள பள்ளி, மாநில இறுதியில மன்சி சென்ட்ரலை 32-30னு ஜெயிச்சப்போ, பாபி பிளம்ப் நாலாவது கால் பகுதியில நாலு நிமிஷத்துக்கு மேல பந்தை அப்படியே கையில வெச்சுக்கிட்டு நின்னார். கடைசி ஷாட்டும் அவருதுதான். இப்போ 35 விநாடி ஷாட் கிளாக் வந்த மாநிலங்கள்ல அதுக்கு வழியில்ல.

பொண்ணுங்க பக்கம் கணக்கு கொஞ்சம் வேற. இலையுதிர் காலத்துல அவங்களுக்கு வாலிபால் இருக்கும், ஆனா அதுல ஃபுட்பால் மாதிரி மோதல் இல்ல. டெக்சாஸ்ல முன்னூறு பேர் அளவே வசிக்கிற நாசரேத் ஊரோட பொண்ணுங்க அணி 20-க்கு மேல மாநிலப் பட்டம் வாங்கியிருக்கு.

[காட்சி: காலி ஜிம். சுவரோரம் பெட்டிகள்.]

ஜனவரியில, மாவட்ட ஆட்டங்களோட நடுவுல, ஹெல்மெட்டுகளை எண்ணிப் பழுதுபார்க்க அனுப்பிடுங்க. மார்ச்ல அனுப்பலாம்னு விட்டா எல்லாப் பள்ளியும் அப்போதான் அனுப்பும். ஆகஸ்ட் முதல் நாள் பன்னிரண்டு பேர் வரிசையில நிக்கும்போது பெட்டியில எட்டுதான் இருக்கும்.