வலிக்குமா டாக்டர்?

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 26 வருஷமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். அத்தனை வருஷமும் நான் அதிகம் கேட்ட கேள்வி, "வலிக்குமா டாக்டர்?" நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். கேட்பவரின் பயம் நமக்குத் தெரியும். பதில் சொல்கிறவர் மனசைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் வந்தார். 2011இல் கடலூரைத் தாக்கிய 'தானே' புயலையே பார்த்தவர். நாற்காலியில் சாய்ந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார் பாருங்கள், விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல். அங்கே மரப்பு ஊசி போட்டால் வேலை செய்ய மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். உதட்டைத் தொட்டு, "மரத்துடுச்சாய்யா?" என்றேன். "இன்னும் இல்லம்மா." வெளியே ஆறு பேர் காத்திருக்கிறார்கள். மறுபடி கேட்டேன். "லேசாத்தாம்மா."

அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே, எங்கள் தொழிலின் நெருக்கடி முழுக்க அதற்குள்தான். அவசரப்பட்டால் இவருக்கு வலிக்கும். பொறுத்திருந்தால் வெளியே முணுமுணுப்பு. பிறகு, நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஏரோட்டரை, அதாவது பல் குடையும் கருவியை, நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே பிடிக்க வேண்டும். அவர் மூச்சைப் பிடித்தால் நானும் பிடிக்கிறேன். வேலை முடிந்து பார்த்தால் என் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருடைய பயம்.

1974இல் ஃபிராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், அடுத்தவருக்கு உழைத்து உழைத்தே வற்றிப்போகும் நிலையை 'பர்ன் அவுட்' என்று எழுதினார். வெறும் அசதி தூங்கினால் போய்விடும். இது போகாது. எதிரே இருக்கும் மனுஷரே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார். எனக்கே நடந்தது. ஒரு நாள் உதவியாளரிடம், "36 வந்தாச்சா?" என்று கேட்டேன். 36 என்றால் எங்கள் கணக்கில் கீழ்வரிசை இடதுபக்கத்து முதல் கடைவாய்ப்பல். அந்தப் பல்லுக்குரிய டீச்சரம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. அடுத்த வாரத்திலிருந்து மணிக்கு இரண்டு பேருக்கு மேல் நேரம் கொடுப்பதில்லை. வருமானம் குறைந்தது, உண்மைதான். ஆனால் வருகிறவர் பெயர் இப்போது எனக்கு நினைவிருக்கிறது.

கழுத்துவலி, கிளினிக் கடன், புதிதாகப் படித்து வரும் பிள்ளைகளின் தனிமை எல்லாம் பேச நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். பயமாக இருந்தால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். நடுவில் வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவோம். வணக்கம்.