சாஃப்ட் ஷேக்கிள் மாட்டுறதுக்கு முன்னாடி விளிம்பைத் தடவிப் பாருங்க

[காட்சி: எர்ணாவூர் பக்கம் கடலோர மணல். மீன் பெட்டி ஏத்தின குட்டி யானை, பின் சக்கரம் பாதி புதைஞ்சிருக்கு.]

சக்கரம் சுத்தச் சுத்த வண்டி இன்னும் கீழ இறங்குது. காசிமேட்டுல இருந்து எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு வரைக்கும் கடலோரத்துல வண்டி ஓட்டுறவங்களுக்கு இது பழகின காட்சி. பெருமழைக்கு அப்புறம் மணலி பக்கம் சேத்துலயும் இதேதான். ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வரும், கயிறு கட்டி இழுப்பாங்க. அந்தக் கயிறும் வண்டியும் சேர்ற இடத்துல மாட்டுற பொருளை, அதான் ஷேக்கிளை, இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

[காட்சி: மேசை மேல இரும்பு ஷேக்கிள், பக்கத்துல சாஃப்ட் ஷேக்கிள்.]

இடது பக்கம் இருக்கிறது முக்கால் இன்ச் இரும்பு ஷேக்கிள். ஒரு கிலோவுக்கு மேல கனம். வலது பக்கம் இருக்கிறது சாஃப்ட் ஷேக்கிள். கயிறுதான், கால் கிலோகூட வராது. டைனீமா, ஸ்பெக்ட்ராங்கிற பேர்ல வர்ற பாலிஎத்திலீன் இழையை 12 புரியாப் பின்னின கயிறு இது. நடுவுல குழல் மாதிரி வெற்றிடம் இருக்கும். ஒரு முனையில கண்ணி, இன்னொரு முனையில உருண்டையா டைமண்ட் முடிச்சு. சட்டைப் பட்டன் மாதிரி முடிச்சைக் கண்ணிக்குள்ள விட்டு இறுக்கினா வேலை முடிஞ்சது. தண்ணியில மிதக்கும், துருப் பிடிக்காது. எண்ணூர் உப்புக்காத்துல இரும்பு ஷேக்கிளோட பின், அதான் குறுக்கே மாட்டுற ஆணி, ஒரு மழைக்காலத்துலயே இறுகிப்போய் திறக்க மாட்டேங்கும். இதுல அந்தத் தொல்லை கிடையாது.

எடை குறைவுங்கிறது தூக்க வசதிக்கு மட்டும் இல்ல, உயிருக்காகவும்தான். இழுவை ஸ்ட்ராப், அதான் வண்டியை இழுக்கிற பட்டை, நீண்டு நிக்கும்போது எங்கயாவது விட்டுப்போச்சுன்னா, அதுல சேர்ந்திருக்கிற சக்தி முழுக்க முனையில இருக்கிற பொருளை வீசி எறியும். ஒரு கிலோ இரும்பு கண்ணாடியைத் துளைச்சுக்கிட்டு உள்ள வரும். கயிறு அந்த அளவுக்குப் பாயாது. ஆனா கொக்கியோ தகடோ வண்டியில இருந்து பிஞ்சு வந்தா அது இரும்புதான். அதனால சாஃப்ட் ஷேக்கிள் போட்டாச்சுன்னு பக்கத்துல போய் நிக்காதீங்க.

[திரையில்: 4¾ டன் × 6 = 28.5 டன்]

வாங்கும்போது ஏமாறுற இடம் இது. இரும்பு ஷேக்கிள்ல 4¾ டன்னு பொறிச்சிருக்கும். அது வேலைச்சுமை, அதாவது வேலையில ஏத்தலாம்கிற அளவு. நல்ல தயாரிப்புல அறுசுமை, அதாவது பொருள் அறுந்துபோற சுமை, அதோட 6 மடங்கு, 28.5 டன். சாஃப்ட் ஷேக்கிள் அட்டையில பெருசா அச்சடிக்கிறது பெரும்பாலும் அறுசுமை. 13 டன்னு போட்டிருக்கிறதைப் பார்த்துட்டு இது இரும்பைவிட மூணு மடங்கு பலம்னு நினைச்சா தப்பு. 28.5 கூடத்தான் அதை ஒப்பிடணும்.

10 மில்லிமீட்டர் டைனீமா கயிறு தனியா சுமார் 9 டன்னுல அறும். அதுல போட்ட சாதாரண டைமண்ட் முடிச்சு ஷேக்கிள் ஏறக்குறைய ஒண்ணேமுக்கால் மடங்கு தாங்கும், 15 டன் பக்கம். அதே தடிமன்ல 25 டன்னு யாராவது போட்டிருந்தா நம்பாதீங்க. இன்னொரு கணக்கும் பாருங்க. ஸ்ட்ராப்போட அறுசுமை, ரெண்டு வண்டியில லேசான வண்டியோட மொத்த எடைக்கு 2 முதல் 3 மடங்கு இருக்கணும். ஷேக்கிள் அந்த ஸ்ட்ராப்பைவிடக் கண்டிப்பா பலமா இருக்கணும்.

வலைக்கடையில கிடைக்கிற நீல பாலிபுரொப்பிலீன் கயித்துல இதே முடிச்சைப் போட்டுக்கலாமான்னு கேப்பீங்க. கூடவே கூடாது. 12 மில்லிமீட்டர் நீலக்கயிறு 2 டன் பக்கத்துலயே அறும். அதே தடிமன் டைனீமாவுக்கு அதைவிட அஞ்சு ஆறு மடங்கு பலம்.

[காட்சி: வண்டியோட முன்பக்கம். இழுவைக் கொக்கி, அதோட விளிம்பு, நெருக்கமா.]

முதல்ல மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னாடியும் வண்டி அடியிலயும் மணலை வாருங்க. ஃபோர் வீல் டிரைவ் வண்டியா இருந்தா டயர் காத்தை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்குங்க. பாதி நேரம் இதுலயே வண்டி ஏறிடும், ஷேக்கிளே வேண்டாம்.

ஏறலைன்னா, மாட்டப்போற இடத்தைக் கையால தடவுங்க. இந்த வீடியோவுல ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா அது இதுதான். இந்த இழை நேர் இழுவைக்கு இரும்பு மாதிரி நிக்கும், கூர் விளிம்புல கத்தரிச்ச மாதிரி அறும். தகட்டை வெட்டி ஓட்டை போட்டு விட்டிருக்கிற இடத்துல விரலுக்கு உறுத்துற விளிம்பு இருந்தா, அங்க இதைப் போடவே கூடாது. அந்த இடத்துக்கு இரும்பு ஷேக்கிள்தான். சாஃப்ட் ஷேக்கிள் உக்கார்ற வளைவு, குறைஞ்சது கயித்தோட தடிமன் அளவுக்காவது உருண்டையா இருக்கணும்.

பம்பர்ல திருகி மாட்டுற டோ வளையம் சமதளத்துல மெதுவா இழுத்துட்டுப் போகத்தான். புதைஞ்ச வண்டியை அதுல இழுக்காதீங்க. டிரெய்லர் உருண்டையில, அதான் டோ பால்ல, எதையுமே மாட்டாதீங்க. அது உடைஞ்சு பறந்து ஆள் செத்திருக்காங்க.

[காட்சி: கையால மாட்டுறது, மெதுவா.]

கண்ணிக்குக் கீழ இருக்கிற பின்னலைக் கண்ணிப் பக்கத்துல இருந்து முடிச்சை நோக்கித் தள்ளுங்க, கண்ணி விரியும். முடிச்சு முனையைக் கொக்கி வழியாவும், ஸ்ட்ராப் முனையில இருக்கிற வளையம், அதான் காது, வழியாவும் கொண்டுவந்து கண்ணிக்குள்ள விடுங்க. இப்ப கண்ணியை இழுத்து முடிச்சோட கழுத்துல இறுக்குங்க, இடைவெளியே இருக்கக் கூடாது. தொளதொளன்னு விட்டா ஸ்ட்ராப் தளர்ற நேரத்துல முடிச்சு வெளிய வந்துடும். அப்புறம் மொத்தத்தையும் சுத்தி, முடிச்சு ரெண்டு முனைக்கும் நடுவுல, பக்கவாட்டுல, எதுலயும் படாம இருக்கிற மாதிரி வைங்க. முடிச்சு இரும்பு மேலயே உக்கார்ந்தா சுமை ஏறும்போது நசுங்கும். உறை இருந்தா அதை இரும்பு படுற இடத்துக்கு நகர்த்துங்க.

நைலான் கைனடிக் கயிறா இருந்தா ஒண்ணு ரெண்டு மீட்டர் தளர்வு விட்டு மெதுவா எடுக்கலாம், அந்தக் கயிறு நீளும். சாதாரண பெல்ட்டோ சங்கிலியோ இருந்தா கொஞ்சம்கூட வெட்டி இழுக்காதீங்க. சாஃப்ட் ஷேக்கிள் நீளவே நீளாது, அதிர்ச்சி முழுக்கக் கொக்கிக்குப் போகும். கயித்து நடுவுல ஈரக் கோணி போடுங்க. வேடிக்கை பார்க்கிறவங்க கயித்து நீளத்துல ஒண்ணரை மடங்கு தள்ளி, கயித்து நேர்ல இல்லாம நிக்கட்டும். கடற்கரையில கூட்டம் சேரும், அவங்களைத் தள்ளி நிறுத்துறது ஒருத்தரோட முழுநேர வேலை.

இன்னொண்ணு. ஜனவரியில இருந்து மார்ச் தாண்டி நம்ம கரையில பங்குனி ஆமை முட்டையிடும். அந்த மணல்ல சும்மா ஓட்டிப் பழக வண்டியை இறக்காதீங்க.

[காட்சி: பக்கெட் தண்ணியில ஷேக்கிளைக் கசக்குறது.]

வேலை முடிஞ்சதும் மணல்தான் எதிரி. பின்னலுக்குள்ள புகுந்த மணல் ஒவ்வொரு இழுவையிலயும் இழையை உள்ளிருந்தே அறுக்கும். பக்கெட் தண்ணியில போட்டு, பின்னலைத் தள்ளித் தள்ளித் திறந்து கசக்குங்க. நம்ம பக்கம் போர் தண்ணி பல வீட்டுல உப்பு. அதுல கழுவினாலும் கடைசி அலசு மெட்ரோ வாட்டர்ல இருக்கட்டும். நிழல்ல காய வைங்க.

சூடும் இதுக்கு ஆகாது. 145 டிகிரி பக்கம் இழை உருகும், 70 டிகிரியிலயே பலம் இறங்க ஆரம்பிக்கும். சைலன்சர் குழாய், ஓடி நின்ன பிரேக் டிஸ்க் பக்கத்துல போடாதீங்க.

ஒவ்வொரு தடவையும் விரலால உருட்டிப் பாருங்க. மேல மெல்லிசாப் பஞ்சு கிளம்பினா பரவாயில்ல, எல்லாத்துலயும் வரும். ஒரு புரி முழுசா அறுந்திருந்தாலோ, ஒரு இடம் பளபளன்னு உருகி விறைச்சிருந்தாலோ, ஓரிடத்துல மெலிஞ்சிருந்தாலோ, முடிச்சுல இருந்து வெளிய நிக்கிற வால் முன்னைவிடக் குட்டையா ஆகியிருந்தாலோ அது முடிஞ்சது. வால் குறையுதுன்னா முடிச்சு வழுக்குதுன்னு அர்த்தம். அதைத் தூக்கி டிக்கியில போட்டு வெச்சா, அவசரத்துல வேற யாராவது எடுத்து மாட்டிடுவாங்க. கத்தியால ரெண்டு துண்டா வெட்டிட்டுத்தான் குப்பையில போடணும்.