டார்க் ஐலண்டில் பேரீச்சம்பழம் கலக்கிறார்களா? ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னித் தீவுகளைப் பற்றிய சென்ற உரையில், அங்கே குவாய்லூ என்னும் சிற்றூரின் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓர்க்னி ப்ரூவரி என்னும் பியர் ஆலையின் மூன்று ஏல்களைச் சுவைத்துக் காட்டியிருந்தேன். ஏல் என்பது பியரில் ஒரு வகை; அந்த மூன்றில் ஒன்றுதான் டார்க் ஐலண்ட். அதைப் பார்த்த திருச்சி நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “டார்க் ஐலண்டைச் சுவைத்தபோது காப்பி, கசப்புச் சாக்லேட், பேரீச்சம்பழம் என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள். இவற்றையெல்லாம் அதில் கலக்கிறார்களா, அல்லது நீங்களாகக் கற்பனை செய்துகொள்கிறீர்களா?” இரண்டு நாட்களாக இந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவருக்கு என் நன்றி.

கலப்பதும் இல்லை, கற்பனையும் இல்லை. நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா? அதே வேலையைப் பார்லியில் செய்தால் அதுதான் மால்ட். முளைவிடும் தானியத்துக்குள் உருவாகும் நொதிகள், அதைப் பொடித்து வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த இனிப்புநீரைத்தான் கசப்பு தரும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கிறார்கள்.

நேயர் கேட்ட வாசனைகள் வறுவலில்தான் பிறக்கின்றன. இளஞ்சூட்டில் உலர்த்திய மால்ட் பிஸ்கட்டைப் போல மணக்கும். முளைவிட்ட ஈரத்தோடே சூடேற்றும் கிரிஸ்டல் மால்ட்டில், மணிக்குள் இருக்கும் சர்க்கரை பாகாகி இறுகிவிடுவதால், வெல்லப்பாகும் உலர்ந்த திராட்சையும் கலந்த வாசனை வரும். 200 டிகிரிக்கு மேல் கருக வறுத்ததற்குச் சாக்லேட் மால்ட் என்றே பெயர். அதில் சாக்லேட் துளியும் கிடையாது, நிறத்தை வைத்து இட்ட பெயர் அது. காப்பிக்கொட்டை வறுக்கிற கடையைக் கடந்து போனவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். பச்சைக் கொட்டையில் இல்லாத மணத்தைத் தீதான் கொண்டுவருகிறது. அதோடு, ஏலுக்கான ஈஸ்ட் ஏறக்குறைய 20 டிகிரி வெதுவெதுப்பில் விரைந்து வேலை செய்யும்போது, பழங்களில் இருக்கும் அதே வகை எஸ்டர்கள் என்னும் வாசனைப் பொருள்களைத் தானே உண்டாக்குகிறது. நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் லாகர் வகைப் பியர், குளிரில் நிதானமாகப் புளிப்பதால் அந்தப் பழ வாசனை அதில் மிகக் குறைவு.

நான் எப்போதும் சொல்வதை இங்கே மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: குளிர் நாக்கை மூடிவிடும். பழைய நேயர்களுக்கு இது மனப்பாடமாகியிருக்கும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாயசம் ஏன் இனிப்புக் குறைந்ததாகத் தோன்றுகிறது என்று ஒருமுறை முழு உரையே ஆற்றியிருக்கிறேன். ஆயினும் டார்க் ஐலண்டைப் போல இதற்குத் தெளிவான சாட்சி எனக்கு வேறு கிடைத்ததில்லை. நண்பர் ஒருவர் வீட்டில், அன்பு மிகுதியால், அவர் அந்தப் புட்டியை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்திருந்து ஊற்றிக் கொடுத்தார். தொட்டால் விரல் மரத்துப்போகும் கண்ணாடிக் கோப்பை. வாயில் வைத்தபோது கருகிய ரொட்டியை நனைத்த தண்ணீரைப் போல ஒரு கசப்பு, அவ்வளவுதான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அரைமணி நேரத்தில் அதன் வெளிப்புறத்தில் பூத்திருந்த நீர் வழிந்து வட்டமாகத் தேங்கியது. நுரை ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடாக மட்டும் மிஞ்சியது. அப்போது எடுத்து முகர்ந்தேன். பேரீச்சம்பழம்! அதற்குப் பின்னால் காப்பி, கடைசியில் சாக்லேட். அதே ஏல், அதே கோப்பை. மாறியது வெப்பம் மட்டுமே. அந்நாட்டு மதுக்கூடங்களில் பீப்பாய் ஏலை 11 முதல் 13 டிகிரியில் பரிமாறுவதற்குக் காரணம் இதுதான்.

வரிசையும் முக்கியம் என்பதால் அன்று 4 சதவீதச் செந்நிற ரெட் மெக்ரெகரை முதலிலும், 4.6 சதவீத டார்க் ஐலண்டை அடுத்தும், 8.5 சதவீத ஸ்கல் ஸ்ப்ளிட்டரை ஒரு விரற்கடை அளவு மட்டும் இறுதியிலும் ஊற்றினேன். பத்தாம் நூற்றாண்டில் ஓர்க்னியை ஆண்ட தோர்ஃபின் என்ற வைக்கிங் பிரபுவின் ‘மண்டைபிளப்பான்’ என்னும் பட்டப்பெயர்தான் அந்தக் கடைசி ஏலின் பெயர். அதை முதலில் குடித்தால் அதன் இனிப்பும் காரமும் நாக்கில் தங்கிவிடும். பிறகு மற்ற இரண்டும் வெறும் நீராகத் தோன்றும்.

நேயர் இன்னொரு கேள்வியையும் கேட்டிருக்கலாம் என்று என் மனம் ஏங்குகிறது: இந்தச் சுவையில் தீவு எங்கே இருக்கிறது? ஹாப்ஸ் கொடிக்கு 59 டிகிரி வட அட்சத்தின் காற்று ஒத்துவராது. அது தெற்கிலிருந்து கப்பலேறி வர வேண்டும். சிறு ஆலைகள் வழக்கமாக மால்ட்டையும் பெருநிலத்திலிருந்தே வாங்குகின்றன. அப்படியானால் தீவு தருவது தண்ணீர் மட்டும்தானா?

இதற்கு விடையாக நான் காட்ட விரும்புவது ‘பேர்’ (bere) என்னும் அவர்களுடைய பழைய பார்லி வகையை. ஆறு வரிசையாக மணி பிடிக்கும் இந்தப் பயிர், கோடையின் நீண்ட பகல்களை உறிஞ்சிக்கொண்டு ஏறக்குறைய 90 நாட்களில் விளைந்துவிடும். வசந்தத்தில் தாமதமாக விதைத்தாலும் இலையுதிர்காலப் புயல்களுக்கு முன் அறுத்துவிடலாம் என்பதால்தான் அது அந்தத் தீவில் பிழைத்தது. நம் குறுவையை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். விளைச்சல் குறைவு என்று உலகம் கைவிட்ட அந்தத் தானியத்தை, பர்சே என்ற இடத்தில் 1873இல் கட்டிய பரோனி நீராலையில் இன்றும் சூளையில் உலர்த்திக் கல்லில் அரைக்கிறார்கள். அதை வைத்து ஏல் காய்ச்சியவர்களும் உண்டு. ஐலே தீவின் ப்ரூக்லாடி ஆலை விஸ்கியே வடித்திருக்கிறது.

அந்த மாவில் ஒரு பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். அவர்கள் அதில் பானக் என்னும் தடித்த ரொட்டியைத் தட்டையான இரும்புக் கல்லில் சுடுகிறார்கள். நான் நம் தோசைக்கல்லில் அடை தட்டினேன். மாவு சாம்பல் கலந்த பழுப்பு நிறம். கல்லில் பட்டதும் கிளம்பிய வாசனை, சூளைப்புகையும் வறுத்த கொட்டையும் ஈரமண்ணும் சேர்ந்தது. சமையலறை வாசலில் நின்ற என் அம்மா, “கேழ்வரகா தீயுது?” என்று கேட்டார். ஒரு துண்டைப் பிய்த்து வெண்ணெய் தடவி அவர் கையில் கொடுத்தேன். இரண்டாவது துண்டை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.